குறியில் நிற்பவருக்கே புள்ளி

சிற்றுருவப் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் ஆட்டமான வார்ஹாமர் 40,000-இன் பத்தாம் பதிப்பில் (2023), எதிரியின் சிற்றுருவங்களை வீழ்த்துவதைவிட மேசையிலுள்ள இலக்குக் குறிகளைப் பிடித்து வைத்திருப்பதே பெரும்பாலும் வெற்றியைத் தீர்மானிக்கிறது. குறியிலிருந்து 3 அங்குலத்துக்குள் நிற்கும் உருவங்களின் கட்டுப்பாட்டு மதிப்பைக் கூட்டினால் யாருக்கு அதிகமோ அவருக்கே அந்தக் குறி உரியது. ஆகவே தலைக்கு 2 மதிப்புள்ள பத்துச் சாதாரண வீரர்களால், தலைக்கு 1 மட்டுமே உள்ள, கனத்த கவசம் அணிந்த ஐந்து டெர்மினேட்டர் வீரர்களிடம் பாதிப்பேரை இழந்த பின்னும் குறியைத் தக்கவைக்க முடியும். குறிகளைப் பிடித்திருப்பதற்கான முதன்மைப் புள்ளிகள் பொதுவாக இரண்டாம் சுற்றிலிருந்து, அவரவர் முறையின் தொடக்கத்தில் வரும் கட்டளைக் கட்டத்தின் முடிவில் கணக்கிடப்படுவதால், குறியை அடைவது மட்டும் போதாது. எதிரியின் முறை முழுவதையும் அங்கேயே தாங்கி நிற்க வேண்டும். பாதிக்கும் கீழே குறைந்த அணி மனவுறுதிச் சோதனையில் தோற்றால் அதன் மதிப்பு சுழியமாகிவிடும் என்பதால், நடுக்குறிக்கு ஒரே அணியை நம்பாமல், அருகிலுள்ள இடிபாட்டுச் சுவருக்குப் பின்னால் இரண்டாவது அணியை மறைத்து வைப்பதையே நான் வலியுறுத்துவேன்.