ஆகஸ்டில் இத்தாலிய ஆவணக் காப்பகத்துக்குப் போகாதீர்கள்

நான் எழுதிக்கொண்டிருப்பது காதல் கதை. 1938 கோடை, டஸ்கனிக் கடற்கரையில் வியாரெஜ்ஜோ. லிவோர்னோவிலிருந்து மலிவுக் கட்டண ரயிலில் வந்து இறங்கும் ஒரு யூதப் பள்ளி ஆசிரியை, கடற்கரைக் குடில்களை வாடகைக்கு விடும் குடும்பத்துப் பையன். (1931இல் முசோலினி அரசு தொடங்கிய அந்த ரயில்கள் இல்லாவிட்டால் இவளுக்கு அந்த ஊர் எட்டாக்கனிதான்.) யூதர்–யூதரல்லாதார் திருமணத்தைத் தடைசெய்து நவம்பர் 17 அன்று வந்த இனச் சட்டம், இருவரும் மணக்கவே முடியாதென்று சொல்லிவிடும். கதை அங்கே இருள வேண்டும் என்பது என் திட்டம்.

இதற்கான தாள்களைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஓர் அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். இணையதளத்தில் 'திறந்திருக்கும்' என்றிருந்தது. கதவில் ஒட்டியிருந்த தாளில் 'மூடல்' என்றிருந்தது. ஆகஸ்ட் 15 ஃபெராகோஸ்தோ விடுமுறை. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பல நாட்களை அதோடு சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். முந்தின நாளே தொலைபேசியில் கேட்டபோது 'வாங்க' என்று சொன்னவர் யாரோ, இன்றுவரை தெரியாது.

திறந்தபின் வேறு கூத்து. நுழைவுப் படிவத்தை நீட்டியதும் முகப்பில் இருந்தவர் நான் பார்க்க வேண்டிய ஆவணக் கட்டின் எண்ணைக் கேட்டார். எண் அச்சுப் பட்டியலில் இருக்கிறது, பட்டியல் வாசிப்பறைக்குள் இருக்கிறது, வாசிப்பறைக்குள் போக எண் வேண்டும். அப்புறம், எந்தப் பல்கலைக்கழகம் என்றார். நாவலாசிரியர், தமிழில் எழுதுகிறேன் என்றேன். தமிழா என்று கேட்டுவிட்டு, படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். உள்ளேயிருந்து வந்த மூத்த பெண்மணி ஒருவர்தான், அனுமதிக்குக் கடவுச்சீட்டும் கையெழுத்தும் போதும் என்று சொல்லி என்னை அழைத்துப் போனார். உங்களுக்கும் இப்படி நடந்தால், 'ஆய்வின் நோக்கம்' என்ற இடத்தில் 'வரலாற்று ஆய்வு' என்று எழுதுங்கள். 'நாவல்' என்று எழுதி வம்பை விலைக்கு வாங்க வேண்டாம்.

பட்டியலில் தேதிகள், முசோலினி ஆட்சிக்கு வந்த 1922 அக்டோபரிலிருந்து எண்ணும் பாசிச ஆண்டுக் கணக்கில் இருந்தன. 1938 ஆகஸ்ட் என்றால் 16ஆம் ஆண்டு. அக்டோபர் 29இல் 17 பிறந்துவிடுகிறது. இதைக் கவனிக்காமல் ஒரே ஆண்டின் கட்டை மட்டும் கேட்டால் பாதிக் கதை கைக்கு வராது.

படம் எடுக்கக் காசு கட்டச் சொன்னார்கள். இங்கேதான் என் சிறிய வெற்றி. 2017இல் வந்த 124ஆம் எண் சட்டப்படி, தடையில்லாத ஆவணங்களைப் படிப்புக்காகச் சொந்தக் கருவியில், ஃபிளாஷ் இல்லாமல், இலவசமாக எடுக்கலாம். சட்டத்தைக் கைப்பேசியில் திறந்து காட்டினேன். முகப்புக்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுக் கையை அசைத்தார். முத்திரையிட்ட நகல் வேண்டுமென்றால் மட்டும் 16 யூரோ வரிமுத்திரை கேட்பார்கள். அதைப் புகையிலைக் கடையில்தான் வாங்க வேண்டும், அலுவலகத்தில் கிடைக்காது.

இத்தனைக்கும் பலன் இருந்தது. என் திட்டத்தையே அந்தத் தாள்கள் உடைத்தன. யூதர்களை எண்ணும் கணக்கெடுப்பு ஆகஸ்ட் 22 அன்று நடந்திருக்கிறது. கடற்கரையில் குடைகள் விரிந்திருக்கும் நேரம். ஃபெராகோஸ்தோ முடிந்து ஒரு வாரம்தான். யூத ஆசிரியர்களைப் பள்ளியிலிருந்து விலக்கும் ஆணையில் மன்னர் மூன்றாம் விட்டோரியோ இமானுவேலே கையெழுத்திட்டது செப்டம்பர் 5 அன்று. கையெழுத்திட்ட இடம் சான் ரொஸ்ஸோரே, அதே கடற்கரையில் கொஞ்சம் தெற்கே இருக்கும் அரச தோட்டம். அதாவது, சட்டம் வருவதற்கு முன்பே பட்டியல் தயார். என் நாயகி மணலில் உட்கார்ந்து பழம் தின்னும்போதே அவள் பெயர் ஒரு தாளில் ஏறிவிட்டிருக்கும். நவம்பர்வரை காத்திருக்க எனக்கு உரிமையே இல்லை.

போகிறவர்கள் செப்டம்பர் நடுவில் போங்கள். அதற்கு முன் வீட்டிலிருந்தே 'லா ஸ்தாம்பா' நாளிதழின் பழைய இதழ்களைப் புரட்டிவிடுங்கள், இணையத்தில் இலவசம்.

நான் இப்போது கோடை அத்தியாயங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். நவம்பருக்கென்று வைத்திருந்த மழை நாள் அழுகைக் காட்சியைத் தூக்கிவிட்டேன். எனக்கே அது கொஞ்சம் ஓவராகத்தான் பட்டது.