உள்ளங்கால் மச்சமும் பச்சை மீனும்

என் முன்கையில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். "மச்சக்காரன்டா நீ" என்று பாட்டி சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். அது கொஞ்சம் பெரிதானது மாதிரி இருக்கவே போன மாதம் தோல் டாக்டரிடம் போனேன். அவர் கையை விட்டுவிட்டு முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்த்தார். அப்புறம்தான் மச்சம். "ஒன்றுமில்லை, போங்க." நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம், ராத்திரி இரண்டு மணி வரை மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் வரும் தோல் புற்றுநோய் பற்றிப் படித்துக்கொண்டு கிடந்தேன்.

மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பிராஃப் என்ற ஜீனில் கோளாறு இருக்கும். சரி. ஆனால் அதே கோளாறு பெரும்பாலான சாதாரண மச்சங்களிலும் இருக்கிறது, அவை பாட்டுக்கு ஆயுசு முழுக்கச் சும்மா கிடக்கின்றன! அப்படியானால் ஜீன் கெட்டால் மட்டும் போதாது.

இதை பாஸ்டனில் லெனார்ட் ஸோன் என்ற விஞ்ஞானியின் குழு ஜீப்ரா மீன்களில் பார்த்து 2016இல் வெளியிட்டது. (மீனுக்கும் தமிழில் மச்சம் என்றே ஒரு பெயர், என்ன பொருத்தம்.) அந்த மீன்களின் நிறமிச் செல்கள் அத்தனையிலும் பிராஃப் கோளாறு, புற்றைத் தடுக்கும் பி53 என்ற காவல் ஜீனும் இல்லை. இருந்தும் ஒரு மீனுக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ கட்டிதான். கிரெஸ்டின் என்று ஒரு ஜீன், கருவில் இயங்கிவிட்டு அடங்கிவிடுவது. அது மறுபடி விழித்தால் பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்திருந்தார்கள். கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அது வரப்போகும் இடத்தில் தனியாக ஒரு செல் பச்சையாக மின்னியது.

நிறமிச் செல்லின் மூதாதை கருவில் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி உடம்பெங்கும் போய்க் குடியேறும் செல். கிரெஸ்டின் இயங்குவது அந்த மூதாதையில்தான். அந்த ஊர்சுற்றும் வித்தையை, வளர்ந்த செல் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுகிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமல் எந்த மூட்டை பரணில், எது கையில் என்று தீர்மானிக்கும் ஏற்பாட்டைத்தான் எபிஜெனெடிக்ஸ் என்கிறார்கள். பரவும் மெலனோமா பழைய மூட்டையைப் பிரித்துவிடுகிறது.

கட்டிப் போடுகிறவர்களில் ஒருவர் ஈஇசட்எச்2 என்ற நொதி. டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் மீதைல் குறி ஒட்டி ஜீன்களை வாயடைக்கும். மெலனோமாவில் இது அளவுமீறிப் போய், கட்டியை அடக்கும் ஜீன்களையே பூட்டிவிடுகிறது. 2015இல் சூரிச் பல்கலைக்கழகக் குழு, மெலனோமா வரும்படி வளர்த்த எலிகளின் நிறமிச் செல்களிலிருந்து இதை நீக்கியபோது கட்டி வளர்வது குறைந்தது, பரவல் கிட்டத்தட்ட நின்றேபோனது, நல்ல நிறமிச் செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்: கெட்ட எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு, ஒட்டிய குறியை எடுக்கலாம். இந்த நொதியை முடக்கும் டாஸெமெடோஸ்டாட் மாத்திரைக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது, ஆனால் வேறு புற்றுநோய்களுக்கு.

அப்புறம் அந்தச் செருப்பு. நம் நிறத்தவருக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது அதிகமாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில்தான் வந்தது. இப்போது குளித்துவிட்டுத் துடைக்கும்போது ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறேன்.