ரியூசன் வீடியோவுக்கு எத்தனை பூட்டு?

வெள்ளிக்கிழமை ஏற்றிய பௌதிகவியல் வகுப்பு ஞாயிறு காலைக்குள் ஏதாவதொரு டெலிகிராம் குழுவில் கிடக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் உயர்தர வகுப்பெடுக்கும் சேர்மார் "இதுக்கு ஒரு பூட்டுப் போட்டுத் தாங்கோ" என்று கேட்பது அதனால்தான். பூட்டு என்பது டிஆர்எம்: வீடியோவை மறைகுறியாக்கி, அனுமதி பெற்ற சாதனத்துக்கு மட்டும் சாவி கொடுக்கும் முறை. ஆனால் எல்லாச் சாதனத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் பூட்டு கிடையாது. குரோம், ஃபயர்பொக்ஸ், அன்ட்ரொய்ட் மூன்றுக்கும் கூகுளின் வைட்வைன். சஃபாரிக்கும் ஐபோனுக்கும் அப்பிளின் ஃபெயார்பிளே. ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது அப்பிளின் உலாவி இயந்திரமான வெப்கிட்தான். மைக்ரோசொஃப்டின் பூட்டான பிளேரெடி ரியூசன் வேலைக்குத் தேவைப்படாது. எட்ஜ் உலாவிக்கு வைட்வைனும் தெரியும்.

மலிவாகச் செய்து தருகிறோம் என்பவர்கள் பெரும்பாலும் வெறும் ஏஈஎஸ்-128 எச்எல்எஸ் முறையைத்தான், அதாவது வீடியோவைத் துண்டு துண்டாக்கிச் சாதாரணச் சாவியால் பூட்டுவதைத்தான் தருகிறார்கள். அதில் சாவியின் முகவரி, துண்டுகளின் பட்டியலான பிளேலிஸ்ட் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். லொகின் உள்ள எந்த மாணவனும் உலாவியின் நெட்வேர்க் பகுதியைத் திறந்தால் 16 பைட் சாவி அப்படியே கைக்கு வரும். பூட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியடித்துச் சாவியை மாட்டிவைத்த கதை.

பூட்டுவதற்கு முன் கோப்பைச் சீராக்க வேண்டும். பேனா டப்லெட்டில் எழுதும் வகுப்புக்கு 1080பி எல்லாம் வீண். 480பி, வினாடிக்கு 15 பிரேம், வீடியோவுக்கு 350 கிலோபிட், ஒலிக்கு 64 கிலோபிட் போதும். 90 நிமிட வகுப்பு ஏறக்குறைய 280 மெகாபைட்டில் அடங்கும். அதே வகுப்பு 3 மெகாபிட்டில் 2 கிகாபைட்டைத் தாண்டும், டேட்டா கார்ட் போட்டுப் பார்க்கும் பிள்ளை பாவம். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றி மென்பொருளில் எச்.264 வீடியோ வடிவமாக மாற்றும்போது 30 பிரேமுக்கு ஒரு கீபிரேம் (முழுப்படமாகச் சேமிக்கப்படும் பிரேம்) என்று இறுக்கி, காட்சி மாற்றத்தைக் கண்டுபிடித்துத் தானாகக் கீபிரேம் போடும் வசதியைப் பூச்சியமாக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்லைட் மாறும் இடமெல்லாம் கீபிரேம் விழும்; இணைய வேகத்துக்கேற்ப மாறிக்கொள்ள வைத்திருக்கும் 360பி, 480பி, 720பி பிரதிகளின் துண்டு எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல், தரம் மாறுகிற ஒவ்வொரு தடவையும் படம் திக்கும். அழைப்பு மென்பொருளில் பதிந்த கோப்பென்றால் பிரேம் வேகம் ஏறி இறங்கும், அதை முதலில் 15க்கு நிலைப்படுத்துங்கள்.

அடுத்தது வீடியோவைத் துண்டாக்கிப் பூட்டும் ஷாகா பக்கேஜர் மென்பொருள், இலவசம். துண்டு 6 வினாடி, மறைகுறியாக்க முறை சிபிசிஎஸ். முன்பு கூகுள் பக்கத்துக்கு ஒரு மறைகுறியாக்கம், அப்பிளுக்கு இன்னொன்று என்று இரண்டு பிரதி வைத்திருக்க வேண்டியிருந்தது. சிபிசிஎஸ்ஸை இரண்டும் ஏற்கும். வீடியோவில் பத்து 16 பைட் கட்டங்களுக்கு ஒன்றை மட்டும் குழப்புவதால் சின்ன போனுக்கும் பாரமில்லை. மிகப் பழைய அன்ட்ரொய்ட் பெட்டிகளில் ஓடாது. அவற்றுக்காக இன்னொரு பிரதி வைப்பது என் கணக்கில் வீண்செலவு. ஒலி, 480பி, 720பி ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சாவி கொடுங்கள். ஒரே சாவி என்றால், 480பிக்கு அனுமதி பெற்ற போனிடம் 720பியின் சாவியும் இருக்கும்.

வைட்வைனுக்குப் பாதுகாப்பு மட்டங்கள் உண்டு. எல்1 என்பது சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே சாவி திறந்து படத்தையும் அங்கேயே விரிப்பது. எல்3 வெறும் மென்பொருள். 2019 ஜனவரியிலேயே அதை உடைத்துவிட்டதாக டேவிட் புக்கனன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அறிவித்தார். வழக்கமான லப்டொப்பில் குரோமுக்குக் கிடைப்பது எல்3தான், ஆகவே எல்லாவற்றுக்கும் எல்1 கேட்டால் லப்டொப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பிழைச் செய்திதான் வரும். பூட்லோடர் (போனைத் தொடக்கும் மென்பொருள்) பூட்டு நீக்கப்பட்ட செக்கன்ட்ஹான்ட் போன்களும் எல்3க்கு இறங்கிவிடலாம். 480பியை எல்3க்கு விட்டு, 720பியை எல்1க்கு வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். அன்ட்ரொய்ட் செயலியில் திரைப்பதிவைத் தடுக்கும் அமைப்பையும் மறக்காமல் போடுங்கள். ஐபோனில் ஃபெயார்பிளே படம் திரைப்பதிவில் கறுப்பாகத்தான் விழும்.

இன்னொரு போனைத் திரைக்கு முன்னால் பிடித்து எடுப்பவனை இவை எதுவும் தடுக்காது. அங்கே வேலை செய்வது நீர்க்குறி, அதாவது எந்த மாணவரின் பிரதி என்று காட்டும் அடையாளம். உலாவியில் படத்துக்கு மேலே மாணவர் எண்ணை மிதக்க விடுவது வெறும் கண்துடைப்பு, இரண்டு சொடுக்கில் அழித்துவிடலாம். ஒவ்வொரு துண்டையும் அ, ஆ என இரண்டு விதமாக, கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாட்டோடு வைத்து, மாணவருக்கு மாணவர் வரிசையை மாற்றி அனுப்புவதே உருப்படியானது. 9 துண்டில் 512 வரிசைகள் வரும், ஆகவே 300 பிள்ளைகளைப் பிரித்தறிய அது போதும், 54 வினாடி. 90 நிமிடத்தில் 900 துண்டு இருப்பதால் அதே அடையாளத்தை நூறு தடவை திரும்ப எழுதலாம். வெட்டி ஒட்டினாலும் ஆள் அகப்படுவார். செலவு, சேமிப்பிடம் இரட்டிப்பாவது.

சோதிக்கும்போது பலர் மண்டையை உடைப்பது ஓரிடத்தில். லப்டொப்பில் லோக்கல்ஹோஸ்டில் (அதே கணினிக்குள் மட்டும் இயங்கும் முகவரி) ஓடுகிறது, வைஃபை வழியாக அதே பக்கத்தைப் போனில் திறந்தால் ஓடாது. எச்ரிரிபிஎஸ் இல்லாத முகவரிக்கு உலாவி மறைகுறி நீக்கும் வசதியையே தராது, லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விதிவிலக்கு. ஃபெயார்பிளே சான்றிதழுக்கு அப்பிள் டெவலப்பர் கணக்கோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்.

சாவியோடு போகும் லைசன்ஸில் எச்டிசிபி (திரைக்குப் போகும் கேபிளிலும் படத்தைப் பூட்டும் முறை) கட்டாயம் என்று வைக்காதீர்கள். வகுப்பு மண்டபத்துப் பழைய புரொஜெக்டருக்கு யுனிட்டி பிளாசாவில் வாங்கிய எச்டிஎம்ஐ-விஜிஏ கொன்வேர்ட்டரை மாட்டுவார்கள். விஜிஏ பக்கத்துக்கு எச்டிசிபி என்றால் என்னவென்றே தெரியாது, சேரின் சொந்த வகுப்பே சேருக்கு ஓடாது.