இரிடியம் ஆக்சைடு பி.எச். சென்சார்: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கரைசல் தயார். 100 மி.லி. நீரில் 0.15 கிராம் இரிடியம் டெட்ராகுளோரைடு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு, ஆக்சாலிக் அமிலம். கடைசியாகப் பொட்டாசியம் கார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து பி.எச். 10.5க்குக் கொண்டுவந்தேன். நுரைத்துப் பொங்கும், அவசரமே கூடாது. இப்போது வெளிர்மஞ்சள். நீல ஊதாவாக மாறும்வரை அப்படியே இருக்கட்டும்.

பிப்ரவரி 6

நிறம் மாறிவிட்டது. பிளாட்டினம் கம்பியைக் கரைசலில் ஆனோடாக்கி (நேர்மின்முனை), மிகக் குறைந்த மின்னோட்டத்தில் இரிடியம் ஆக்சைடைப் படியவிட்டேன். நுனியில் முதலில் மெல்லிய நீலச் சாயல், பிறகு கரும்படலம். ஈரத்தாளால் ஒற்றினாலும் உரியவில்லை. பி.எச். 7 பஃபரில் (பி.எச். மாறாமல் நிற்கும் கரைசல்) ஊறப் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 9

25 டிகிரியில், மின்னழுத்தம் மாறாத வெள்ளி/வெள்ளி குளோரைடு ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடை ஒப்பீட்டுக்கு வைத்து அளந்தது: 4.01 பஃபரில் 412 மில்லிவோல்ட், 7.00இல் 197, 10.01இல் மைனஸ் 20. ஒரு பி.எச். அலகுக்கு 72 மில்லிவோல்ட், இதுதான் சரிவு. மின்னழுத்தத்தைச் செறிவோடு இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாடு, எலக்ட்ரானுக்கு ஒரு புரோட்டான் என்ற கணக்கில் தருவது 59.16தான். கூடுதல் எங்கிருந்து? நீரேறிய படலத்தில் ஒரு எலக்ட்ரானுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட புரோட்டான்கள் பங்கேற்கின்றன. ஒன்றரை என்றால் 88.7 வரை போகலாம். உலர்ந்த ஆக்சைடில் இது 59ஐ ஒட்டியே நிற்கும்.

இன்னொரு வசதி: வழக்கமான பி.எச். மீட்டரில் இருக்கும் கண்ணாடி எலக்ட்ரோடின் மின்தடை நூற்றுக்கணக்கான மெகாஓம் வரை போகும், அதற்கென்றே தனி மீட்டர் வேண்டும். இதைச் சாதாரண மல்டிமீட்டரிலேயே படிக்க முடிகிறது.

பிப்ரவரி 15

மூன்று பஃபரிலும் அளவு 14 மில்லிவோல்ட் இறங்கியிருக்கிறது. சரிவு மாறவில்லை. அப்படியென்றால் அளக்குமுன் ஒரே பஃபரில் சரிபார்த்தால் போதும். இந்த நகர்வுதான் எனக்கு முக்கியம். பெரிய சரிவைக் காட்டி மகிழ்வது சுலபம், மறுவாரமும் அதே எண்ணைக் காட்டுவதுதான் சென்சார்.

பிப்ரவரி 18

இன்றைய சோதனைக்காகத்தான் காத்திருந்தேன். பி.எச். 7 பஃபரில் சில துளி அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி). கண்ணாடி எலக்ட்ரோடு அசையவில்லை. ஆக்சைடோ கண்ணெதிரே 38 மில்லிவோல்ட் சரிந்தது, அரை பி.எச்.க்கு மேல் காரப் பக்கமாக. விட்டதோ அமிலம்! அந்த அமிலத்தின் அயனியான அஸ்கார்பேட், ஆக்சைடின் இரிடியத்துக்கு எலக்ட்ரான் தந்து அதை ஒடுக்குகிறது. மின்னழுத்தம் புரோட்டானை மட்டும் பார்ப்பதில்லை. பழச்சாற்றில் இதை இப்படியே இறக்கினால் பொய்தான் சொல்லும்.

பிப்ரவரி 24

படலத்தின் மேலே நாஃபியான் என்ற பாலிமரைப் பூசி உலர்த்தினேன். அதன் சல்ஃபோனேட் தொகுதிகள் எதிர்மின் அயனிகளைத் தள்ளும். அஸ்கார்பேட்டும் எதிர்மின் அயனிதான். அதே அஸ்கார்பிக் அமிலச் சோதனையில் இறக்கம் 9 மில்லிவோல்ட்தான். ஆனால் நிலைப்பட முன்பைவிட நேரம் பிடிக்கிறது. அடுத்து இன்னும் மெல்லிய பூச்சு.