மேட்டுக்காட்டு மக்காச்சோளமும் வரிசை இடைவெளியும்

தலைவாசலுக்கு அருகே எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் கிணறு இல்லை. புரட்டாசியில் நிலம் நனைந்ததும் மக்காச்சோளம் ஊன்றிவிட்டு, வடகிழக்குப் பருவமழை தருவதை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். மானாவாரிக்குப் பரிந்துரைக்கப்படும் 45 செ.மீ. வரிசை இடைவெளியையும் 20 செ.மீ. செடி இடைவெளியையும் அப்பா மாற்றியதே இல்லை. அந்தக் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 45,000 செடிகள் நிற்கும். இறவைக்குரிய 60க்கு 25 என்ற இடைவெளியிலோ 27,000 செடிகள்தான். தண்ணீர் உள்ள நிலத்தைவிட வறண்ட நிலத்தில் ஏன் கூடுதல் செடி என்று கேட்டால், "முளைக்காதது போக, காய்ந்தது போக மிச்சம் நிற்கட்டும்" என்பார் அப்பா.

இவ்விரண்டுடன் 75க்கு 20 என்பதையும் சேர்த்துச் சோதித்தேன். 60க்கு 25-இலும் 75க்கு 20-இலும் செடி எண்ணிக்கை ஒன்றே என்பதால், விளைச்சல் மாறினால் அது வரிசை அகலத்தால் வந்ததா, செடி நெருக்கத்தால் வந்ததா என்று பிரித்தறியலாம்.

முதல் ஆண்டுச் சோதனை வீண். 45 செ.மீ. விதைப்பைக் காட்டின் அடிப்பக்கத்தில், வண்டல் படிந்த ஆழமான மண்ணில் வைத்துவிட்டேன். அதுவே நன்றாக விளைந்தது, அப்பாவுக்கு ஏக மகிழ்ச்சி. மழைநீரைத் தேக்கச் சரிவுக்குக் குறுக்கே சால் ஓட்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு விதைப்பும் வெவ்வேறு உயரத்தில்தான் விழும். ஆகவே மறு ஆண்டு எட்டு எட்டு வரிசைப் பட்டைகளாகப் பிரித்து, மூன்று இடைவெளிகளையும் இடம் மாற்றி மூன்று முறை விதைத்து, ஓர வரிசைகளை விட்டு நடு வரிசைக் கதிர்களை மட்டும் எடை போட்டேன்.

அந்த ஆண்டு ஆண்பூ வெளிவரும் நேரத்தில் மழை நின்றது. நெருக்க விதைப்பில் காலை வெயிலிலேயே தோகை சுருண்டது. மகரந்தம் உதிர்ந்து முடியும் தறுவாயில்தான் கதிரின் பட்டிழைகள் தாமதமாக வெளியே வந்தன. விளைவு, பாதி மணி கட்டிய கதிர்களும் கதிரே இல்லாத செடிகளும். அகலமான 75 செ.மீ. வரிசையில் நிழல் மூடாததால் களை ஒருமுறை கூடுதலாக எடுக்க நேர்ந்தது. ஆனால் 2018 முதல் எங்களை விடாத படைப்புழுவுக்குக் குருத்தில் மருந்தடிக்க, தோகை கையை அறுக்காமல் அங்கேதான் நடக்க முடிந்தது.

எடையில் நெருக்க விதைப்பு தெளிவாகப் பின்தங்கியது. மற்ற இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடோ, ஒரே இடைவெளியில் விதைத்த பட்டைகளுக்குள் இருந்த வேறுபாட்டைவிடச் சிறியது. அதைக் கொண்டு எது மேல் என்று சொல்வது நேர்மையாகாது. களைச் செலவைப் பார்த்து நான் 60க்கு 25-ஐத் தேர்ந்தேன்.

பின்மழை தவறாத ஆண்டில் 45 செ.மீ. முந்தலாம் என்ற அப்பாவின் வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. மாடுகளுக்குத் தீவனமாகும் சோளத்தட்டு அதில்தான் அதிகம் என்பதும் உண்மை. ஆகவே இந்தப் புரட்டாசியில் கொட்டகையை ஒட்டிய அரை ஏக்கர் மட்டும் அவர் கணக்குப்படி விதைக்கப்படுகிறது.