ஞாயிற்றுக்கிழமை வண்டி

இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு வந்த புதிதில் ஹீப்ரு எழுத்துகளைவிட என்னை அதிகம் திணறடித்தது, இங்கே எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம். எண்பது வயதுக்காரரும் பெயர்தான், வைத்தியம் பார்க்கும் டாக்டரும் பெயர்தான். மார்த்தாண்டத்துக்காரிக்கு அது நாக்கில் வருமா? நான் பராமரிக்கும் மூதாட்டியை ‘சாவ்தா’ என்று அழைக்கத் தொடங்கினேன், ஹீப்ருவில் பாட்டி. தினமும் வந்துபோகும் அவருடைய மகளுக்கு அப்போதே ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரை ‘அக்கா’ என்றேன். என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னதும், “ஹீப்ருவில் அஹோத், அரபியில் உக்த். உன் அக்காவும் தூரத்துச் சொந்தம்தான் போலிருக்கிறது” என்று சிரித்தார். மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கென்ன, ஒரு பெயர்ச் சிக்கல் தீர்ந்தது.

நான் வந்தது 2019 தொடக்கத்தில். 2023 வாக்கில் இந்த நாட்டில் இருந்த சுமார் 18,000 இந்தியர்களில் பெரும்பகுதியினர் என்னைப் போல முதியோரைப் பராமரிக்க வந்தவர்கள். மலையாளிகள் அதிகம்; குமரி மாவட்டத்துக்காரர்கள் அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுவோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. நான் கிறிஸ்தவள் என்பதால் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நாள் இங்கே வாரத்தின் முதல் வேலை நாள் என்பது பிறகுதான் உறைத்தது. ஊரே பஸ் பிடித்து அலுவலகம் போகும்போது நான் மட்டும் சர்ச்சுக்குப் போகிற சேலையில் நிற்பேன்.

நான் வந்த ஆண்டு மே மாதம் ஒரு மாலை, எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. ராக்கெட் என்று நினைத்து, கையிலிருந்த சூப் கிண்ணத்தை வைத்துவிட்டுச் சாவ்தாவின் சக்கர நாற்காலியைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மேசையை ஊன்றி எழுந்திருக்க முயன்றார். முழங்கால் நிற்கவில்லை, நான் தாங்கிக்கொண்டேன். ஒரு நிமிடம் ஊதி அடங்கும்வரை அப்படியே நின்றோம். அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுவரில் இருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை. இருபது வயதுப் பையன், 1982இல் லெபனான் போரில் இறந்த மகன். படையில் இறந்தோரின் நினைவு நாள் தொடங்கும் மாலை அது. மறுநாள் காலை பதினொரு மணிக்கு மீண்டும் இரண்டு நிமிடம் ஊதும், நெடுஞ்சாலையில் போகிறவர்கள்கூட வண்டியை நிறுத்தி இறங்கி நிற்பார்கள் என்று அக்கா சொன்னார்.

சாவ்தாவைப் போன்றவருக்கு ஹீப்ருவில் ‘ஷகூலா’ என்று பெயர்: பிள்ளையைப் பறிகொடுத்த தாய். நம்மிடம் கணவனை இழந்தவளுக்குச் சொல் உண்டு, பெற்றோரை இழந்த பிள்ளைக்குச் சொல் உண்டு. புத்திர சோகம் என்பதோ அந்தத் துக்கத்தின் பெயர். அதைச் சுமக்கிறவளுக்கு என்ன பெயர்? யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அரபியில் இருக்கிறது: ‘தக்லா’. ஷகூலாவும் தக்லாவும் ஒரே வேரில் முளைத்தவை. இதற்கு மொழியியல்காரர்களும் தலையாட்டுவார்கள்.

அக்கா அந்த இரண்டு சொற்களும் சேர்ந்து உட்காரும் இடத்துக்குப் போய்வருபவர். ‘பெற்றோர் வட்டம்’ என்று ஓர் அமைப்பு. 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற ஒரு படைவீரனின் தந்தை, இத்ஸாக் ஃபிராங்கென்தால், 1995இல் தொடங்கியது. இந்தப் பகையில் உறவைப் பறிகொடுத்த இஸ்ரேலியக் குடும்பங்களும் பாலஸ்தீனக் குடும்பங்களுமாக அறுநூறுக்கும் மேல் அதில் இருக்கின்றன. 1997இல் ஜெருசலேம் குண்டுவெடிப்பில் பதின்மூன்று வயது மகள் ஸ்மதாரை இழந்த இஸ்ரேலியர் ரமி எல்ஹனானும், 2007இல் இஸ்ரேல் எல்லைக் காவலர் சுட்ட ரப்பர் குண்டில் பத்து வயது மகள் அபீரை இழந்த பாலஸ்தீனர் பஸ்ஸாம் அராமினும் ஒரே மேடையில் ஏறி ஆண்டுக்கணக்காகப் பேசிவருகிறார்கள். நினைவு நாள் மாலையில் இந்த அமைப்பும், இரு பக்கமும் ஆயுதம் ஏந்திப் பிறகு கீழே வைத்தவர்கள் 2006இல் அமைத்த ‘சமாதானத்துக்கான போராளிகள்’ அமைப்பும் சேர்ந்து கூட்டு அஞ்சலி நடத்தும். வெளியே நின்று துரோகிகள் என்று கத்தவும் ஒரு கூட்டம் வரும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடை, மெழுகுவத்தி, கண்ணீர் எல்லாம் எனக்குக் கொஞ்சம் ஒவ்வாது. அழுதுவிட்டுக் கலைந்து போவதில் யாருக்கு என்ன லாபம் என்று அக்காவிடமே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திரிப்பாயா?” என்றார்.

2022 நவம்பரில் அப்படித்தான் முதல்முறை போனேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கார்மேல் மலையிலிருந்து இறங்கினோம். வழியில் வந்த ஊர்ப் பெயர்களெல்லாம் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவை. உலகின் கடைசிப் போர் நடக்கும் அர்மகெதோன் என்று பயமுறுத்தி வைத்திருந்த மெகிதோ வந்தது: ஒரு சாலைச் சந்திப்பு, ஒரு சிறைச்சாலை, ஒரு பெட்ரோல் பங்க். அங்கே காபி வாங்கிக்கொண்டோம். பனியும் மழையும் உன்மேல் பெய்யாதிருக்கட்டும் என்று தாவீது சபித்த கில்போவா மலை தூறலில் நனைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், மேற்குக் கரையின் ஜெனின் ஊருக்கு வடக்கே இருக்கும் சோதனைச் சாவடிக்கு இஸ்ரேலியர்கள் வைத்த பெயரும் கில்போவாதான். பாலஸ்தீனர்களுக்கு அது ஜலமே. அக்கா ஜலமே என்றுதான் சொல்வார்.

சாவடிக்கு வெளியே காத்திருந்தோம். ஏழு வயதுப் பையனும் அவன் தாயும் நடந்து வந்தார்கள். அவனுக்கு ரத்தப் புற்று. ஹைஃபா ரம்பாம் மருத்துவமனையில் சிகிச்சை. அன்றைக்கான அனுமதித் தாளைத் தாய் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பாலஸ்தீன எண் பலகை போட்ட வண்டி உள்ளே வர முடியாது. இஸ்ரேலின் மஞ்சள் பலகை வண்டி வேண்டும். டாக்ஸி என்றால் சில நூறு ஷெக்கல். சிகிச்சைச் செலவைப் பாலஸ்தீன நிர்வாகம் ஏற்கும், பயணச் செலவை ஏற்காது. அந்த இடைவெளியில்தான் அக்காவின் கார் நிற்கிறது.

பையன் ஜன்னல் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டான். ஏற்றுவான், இறக்குவான். தாய் அதட்டினார். அக்கா கண்ணாடியில் பார்த்து, “ஷ்வையா ஷ்வையா” என்று மட்டும் சொன்னார், மெல்ல மெல்ல என்று. யொக்னெயம் தாண்டும்போது அவனுக்குக் குமட்டியது. நர்ஸ் கைக்கு அது பழக்கம். பையைப் பிடித்து, நெற்றியைத் தாங்கி, வாயைத் துடைத்துவிட்டேன். தாய் என்னவோ சொன்னார். எனக்கு அரபி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவரும் தலையசைத்தோம். ரம்பாம் கடற்கரையை ஒட்டிய மருத்துவமனை. இறங்கியதும் பையன் வாசலுக்குப் போகாமல் கடலைப் பார்த்து நின்றுவிட்டான். ஜெனினிலிருந்து கடல் ஒன்றும் அமெரிக்காவில் இல்லை. ஆனால் அவன் அதை அதுவரை பார்த்ததில்லை.

இந்த வண்டி ஓட்டலுக்கும் மூலம் பெற்றோர் வட்டம்தான். 1993இல் ஹமாஸ் கொன்ற ஒருவரின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான யுவால் ரோத் அதில் உறுப்பினர். 2006இல் பாலஸ்தீன உறுப்பினர் ஒருவர், நோயாளியான தன் சகோதரரை ஹைஃபாவுக்குக் கொண்டுபோக உதவி கேட்டார். ரோத் ஓட்டிப் போனார். செய்தி பரவி அடுத்தடுத்துக் கேட்டார்கள். அவரும் நண்பர்களைக் கேட்டார். பாடகர் லெனார்ட் கோஹன் 10,000 டாலர் கொடுக்க, அதைப் பெற்றுக்கொள்ள ஒரு பதிவு பெற்ற அமைப்பு தேவைப்பட, 2010இல் ‘குணமாகும் வழியில்’ என்ற பெயரில் பதிவாகியது. மாநாடு போட்டுத் தொடங்கியிருந்தால் இத்தனை நாள் தாங்கியிருக்குமா என்பது என் சந்தேகம்.

நான் மாத்திரை வாங்கும் கடையில் மருந்தாளுநர் ஓர் அரபுப் பெண், ஹைஃபாக்காரர். பூரிப்போடு அவரிடம் சொன்னேன். அவர் மாத்திரை அட்டையை எண்ணி முடித்துவிட்டு, “நல்ல மனிதர்கள். ஆனால் புற்றுநோய்க் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் தாள் எதற்கு? முதலில் அந்தக் கதவைப் பூட்டியது யார்?” என்றார். இப்படிச் சேர்ந்து இயங்குவதற்கே ‘தத்பீ’ என்று ஒரு கண்டனச் சொல் பாலஸ்தீனர்களிடம் உண்டு: அடக்குமுறையை இயல்பாக்குவது. வீட்டில் சாவ்தாவுக்கோ இந்தப் பயணங்கள் வேறு காரணத்துக்காகப் பிடிக்காது. “அவள் ஓட்டட்டும். என்னிடம் சொல்ல வேண்டாம்” என்பார், படத்தைப் பார்த்தபடி. மருந்துக் கடையும் வீடும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான். மருந்தாளுநரின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அக்காவிடம் கேட்டேன். “அவள் சொல்வது சரி. ஆனால் சிகிச்சை எட்டு மணிக்கு” என்றார்.

பிறகும் நாலைந்து முறை அதே தாயும் பையனும் எங்களுக்கு அமைந்தார்கள். 2023 செப்டம்பரில் ஒருநாள் இறங்கும்போது தாய் என் கையில் ஒரு டப்பாவைத் திணித்தார். ஐஸ்கிரீம் தீர்ந்த பிளாஸ்டிக் டப்பா. எங்கள் வீட்டு அடுக்களையில் உளுந்து போட்டு வைத்திருப்பதற்கு அண்ணன் தம்பி. உள்ளே துணியில் சுற்றிய, ஸாத்தர் என்னும் மூலிகைப் பொடி தூவிய ரொட்டி, அப்போதும் இளஞ்சூடு. வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் அம்மா வைத்த சட்டம். முந்திரிக்கொத்து செய்வது என்று முடிவெடுத்தேன். பாசிப்பயறு இங்கே ‘மாஷ்’ என்ற பெயரில் கிடைக்கிறது. கருப்பட்டிக்குப் பதில் ‘சிலான்’ என்னும் பேரீச்சம் பாகு. உருண்டை பிடிக்க வரவில்லை, பாகு முறுகவே இல்லை. இரண்டு முறை வீணாக்கி மூன்றாம் முறை தேறியது.

அக்டோபர் 4 அன்று அக்கா வெள்ளை உடுத்தி, கழுத்தில் நீலப்பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு சாக்கடல் கரைக்குப் போய்வந்தார். 2014 காசாப் போருக்குப் பின் இஸ்ரேலியப் பெண்கள் தொடங்கிய ‘பெண்கள் சமாதானம் படைக்கிறார்கள்’ இயக்கமும், பாலஸ்தீனப் பெண்களின் ‘சூரியப் பெண்கள்’ அமைப்பும் சேர்ந்து நடத்திய கூட்டம். மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை ஹமாஸ் தாக்குதலில், அந்த இஸ்ரேலியப் பெண்கள் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான விவியன் சில்வர், காசா எல்லையோரத்துக் கூட்டுக் குடியிருப்பான பேரி கிபுட்ஸில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். வயது 74. கடத்தப்பட்டிருப்பார் என்று நம்பி ஐந்து வாரம் காத்திருந்தார்கள். நவம்பர் நடுவில்தான் உறுதியானது. காசா எல்லையிலிருந்து நோயாளிகளை ஏற்றிவந்த ஒதெத் லிஃப்ஷிட்ஸ் அன்றே காசாவுக்குப் பிடித்துச் செல்லப்பட்டார். 2025 பிப்ரவரியில் உடல்தான் வந்தது. காசாவிலோ செத்தவர்கள் பல்லாயிரம். அக்காவின் கைப்பேசியில் காசாத் தாய்மார்கள் சிலரின் எண்கள் இருந்தன. இரவில் சமையலறையில் நின்று ஒவ்வொன்றாக அழைத்துப் பார்ப்பார். ஊருக்குத் திரும்பி வா என்று என் அம்மா தினமும் அழுதார். கடன் முடியவில்லை என்றேன். அது பாதி உண்மை.

காசா வாசல் மூடப்பட்டது. மேற்குக் கரையிலிருந்து சில நாட்களில் வண்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின, முன்பைவிடக் குறைவாக. 2024 இலையுதிர் காலத்தில் லெபனானிலிருந்து ஹைஃபாவுக்கே ராக்கெட் வந்தபோது, சாவ்தாவை நிஜமாகவே படிக்கட்டுக்குத் தள்ளவேண்டியிருந்தது.

அந்தத் தாயும் பையனும் எங்கள் வண்டிக்கு மீண்டும் வரவில்லை. வேறு வண்டியில் வருகிறார்களோ என்று ஒருங்கிணைப்பவரிடம் அக்கா விசாரித்தார். அனுமதி வரவில்லை என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியில் ஜெனின் முகாமில் ராணுவம் இறங்கி ஆயிரக்கணக்கானோர் வீடுகளைவிட்டு வெளியேறியதைச் செய்தியில் பார்த்தேன். அவர்கள் முகாமில் இருப்பவர்களா, ஊருக்குள்ளா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, அதே ஜெனின் பக்கத்திலிருந்து சிறுநீரகக் கோளாறுள்ள மகளோடு வேறொரு தாய் ஏறினார். பையனின் பெயரைச் சொல்லித் தெரியுமா என்று அக்கா மூலம் கேட்டேன். ஜெனின் பெரிய ஊர் என்று சிரித்தார். மருத்துவமனை வாசலில், கொண்டுபோயிருந்த முந்திரிக்கொத்தைத் தாளில் கொட்டிச் சுற்றி அந்தச் சிறுமியிடம் கொடுத்தேன்.

“டப்பாவோடு கொடுத்திருக்கலாமே” என்றார் அக்கா.

அது அவளுடைய டப்பா என்றேன்.