பழைய சவாரி நோட்டுல இருந்த நல்ல நாளும் மோசமான நாளும்

சவாரி முடிச்சு இறங்கினதும் லாயத்துலயே உக்காந்து நாலு வரி எழுதி வைக்கறது என் பழக்கம். போன வாரம் ஆரம்ப கால நோட்டு ஒண்ணு கையில கிடைச்சுது, படிக்க படிக்க ஒண்ணு உறுத்திச்சு. நல்லா போன நாளுக்கெல்லாம் "இன்னிக்கு சூப்பர்"னு ஒரே ஒரு வரி. மோசமான நாளுக்கு மட்டும் பக்கம் பக்கமா இருக்கு, அதுவும் முழுக்க குதிரைய பத்தின குறைதான். அடம் பிடிச்சா, சொன்ன பேச்சு கேக்கல, மூடு சரியில்ல. நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு ரெண்டுலயுமே ஒரு வார்த்தை இல்ல.

உதாரணத்துக்கு இடது பக்க கேன்ட்டர், அதாவது குதிரையோட மிதமான ஓட்டம். இடது பக்கம் சுத்தும்போது இடது முன்னங்கால்தான் கடைசியா, மத்த கால்களுக்கு முன்னாடி போய் தரையில படணும், அதத்தான் சரியான லீடுன்னு சொல்வாங்க. 3 மாசமா என் குதிரை தப்பு கால்லயே கிளம்பிட்டிருந்தா. வலது பக்கம் அழகா போவா, இடதுன்னா மட்டும் குளறுபடி. அந்த 3 மாசத்துக்கு நடுவுல ஒரு நாள் மட்டும் "கடைசில ஒருவழியா கேட்டா, சூப்பர்"னு எழுதிருக்கேன். இப்ப அத படிக்கும்போதுதான் அன்னிக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு, மாஸ்டர் அன்னிக்கு "கீழ பாக்காத, வேலி கம்பத்த ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணிட்டே போ"ன்னு சொன்னாரு, நானும் எண்ணிட்டே காலால லேசா அழுத்தி கேட்டேன், ஏழாவது கம்பத்துல அவ சுத்தமா இடது கால்ல கிளம்பிட்டா.

விஷயம் இதுதான். மத்த நாள்லயெல்லாம் எந்த கால் முன்னாடி வருதுன்னு பாக்கறதுக்காக நான் குனிஞ்சு அவ இடது தோள்பட்டையவே பாத்துட்டிருந்திருக்கேன். மனுஷ தலையே சுமார் 5 கிலோ இருக்கும், அது குனிஞ்சா தோளும் கூடவே சாயும், மொத்த எடையும் அவ எந்த கால தூக்கி முன்னாடி வைக்கணுமோ அந்த கால் மேலயே போய் உக்காரும். பாவம், அவ எப்படி தூக்குவா. விடை அந்த ஒரு நல்ல நாள்லயே இருந்துச்சு, நான் சந்தோஷத்துல அத கவனிக்காமலே விட்டுட்டேன். அதனால இப்பல்லாம் நல்லா போன நாள்லதான் அதிகமா எழுதறேன், கண் எங்க இருந்துச்சு, மூச்சு எப்படி இருந்துச்சு, எந்த கை தளர்வா இருந்துச்சு, எல்லாத்தையும்.

மூச்சுன்னு ஏன் சொல்றேன்னா, ஒரு ஈ வந்து உக்காந்தாலே அந்த இடத்து தோல மட்டும் சிலிர்த்து ஓட்டற மிருகம் அது, மேல உக்காந்திருக்கற ஆள் மூச்ச பிடிச்சா அதுக்கு தெரியாம இருக்குமா. காத்து அடிக்கற நாள்ல மைதானத்து மூலைக்கு போனாலே மிரளுவா. குதிரைக்கு மூக்குக்கு நேர் முன்னாடி கொஞ்ச இடம், வாலுக்கு நேர் பின்னாடி கொஞ்ச இடம், அத தவிர கிட்டத்தட்ட சுத்தி இருக்கறதெல்லாம் தெரியும், காத்துல எல்லாமே அசையுது, சத்தம் எந்த பக்கம் இருந்து வருதுன்னும் புரியாது, மிரளறது நியாயம்தான். நான் என்ன பண்ணேன்? முட்டிய இறுக்கி, கடிவாளத்த இழுத்து, மூச்ச அடக்கிட்டேன். அவளுக்கு அதுக்கு ஒரே அர்த்தம்தான், முதுகுல இருக்கறவளும் பயப்படறா, அப்ப ஆபத்து நிஜம். இப்ப அந்த மூலை வர்றதுக்கு முன்னாடியே நீளமா மூச்ச வெளிய விட்டு, அவ மூக்க லேசா உள்பக்கம் திருப்பி, ஒரு பெரிய வட்டம் போட்டுடறேன். எப்பவும் பலிக்காது. ஆனா நிறைய தடவ பலிக்குது.

எல்லா மோசமான நாளும் நம்ம உக்கார்ற விதத்தால வர்றதும் இல்ல. நோட்டுல ஒரு பக்கம் இருக்கு, அத படிக்க இன்னும் மனசு தாங்கல. "சேணம் போடும்போதே காத பின்னாடி மடக்கறா, வயித்துப் பட்டைய இறுக்கினா கடிக்க வர்றா, இன்னிக்கு விட்டுக்கொடுக்கல, முழு நேரமும் ட்ராட் (துள்ளல் ஓட்டம்) பண்ண வெச்சேன்". பெருமையா எழுதிருக்கேன். ஒரு வாரம் கழிச்சு சேணத்த கழட்டினப்போ முதுகெல்லாம் வேர்வையில நனைஞ்சிருக்கு, பிடரி முடியற மேட்டுக்கு ரெண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அளவு காஞ்ச திட்டு. விரலால மெதுவா அழுத்தினேன், அவ முதுகு அப்படியே கீழ அமுங்கிப் போச்சு. டாக்டர் வந்து பாத்துட்டு, சேணம் சின்னது, அங்கயே அழுத்திட்டிருக்கு, அதான் அந்த இடத்துல வேர்வையே வரலன்னு சொன்னாரு. அத்தன நாளா அவ வலிக்குதுன்னுதான் சொல்லிட்டிருந்திருக்கா, நான் அடம்னு எழுதிட்டிருந்தேன். அதுக்கப்பறம் கொஞ்ச வாரம் அவ மேல யாருமே ஏறல, கயித்த பிடிச்சு கூட நடந்தேன், அவ்ளோதான். இப்ப சேணம் வைக்கறதுக்கு முன்னாடி தினமும் முதுகு முழுக்க கைய ஓட்டி பாக்காம ஏறறதே இல்ல.

இன்னொண்ணு, நல்ல நாள நானே கெடுத்த கதையும் நிறைய இருக்கு. ஒரு விஷயம் அழகா வந்துடும், உடனே இன்னொரு தடவ, இன்னும் ஒரே ஒரு தடவன்னு கேட்டு கேட்டு பத்தாவது தடவ அவ களைச்சுப் போயி தப்பு பண்ணுவா, கடுப்போட இறங்குவேன். நாம கொடுக்கற அழுத்தம் எந்த நொடியில விலகுதோ, அந்த நொடியில தான் என்ன பண்ணிட்டிருந்தோமோ அதத்தான் குதிரை கத்துக்கும். சரியா பண்ணதுக்கப்பறமும் விடாம கேட்டா, இதுதான் சரின்னு அதுக்கு எப்படி தெரியும்?

நேத்தும் நல்ல காத்து. நோட்டுல எழுதினது இது: "15 நிமிஷம் வாக் (நடை) மட்டும். வலது கை இறுக்கம், ரெண்டு தடவ கவனிச்சு தளர்த்தினேன். மூலைல ஒரு தடவ நின்னு பாத்தா, நானும் கூடவே நின்னேன். அப்பறம் கழுத்த கீழ இறக்கி மூக்கால நீளமா ஒரு மூச்சு விட்டா. அங்கயே இறங்கிட்டேன்."